மரத்தூளும் சரோஜம்மா வீட்டு ஜன்னலும்

தச்சுப்பட்டறை வைத்தால் கட்டில் விற்கும், கதவு விற்கும், மிச்சக் கட்டைகூட விற்கும். தூள் மட்டும் விற்காது, வளரும்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் மரம் அறுப்பார், இழைப்பார், பூட்டுவார். ஆர்டர் பிடிப்பது, அளவு எழுதுவது, பெருக்குவது மூன்றும் என் வேலை. முதல் இரண்டை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் வாழ்க்கை. சாதாரண நாளில் இரண்டு மூட்டைத் தூள் விழும், கல்யாண சீசனில் மூன்று. இதைப் படிப்பவர்களில் பட்டறைக்காரர்கள் இருப்பீர்கள், பட்டறைக்காரர்களுக்கு வாக்கப்பட்டவர்கள் இருப்பீர்கள், வீட்டில் ஒரே ஒரு வாரம் தச்சு வேலை நடந்ததற்கு ஆறு மாதமாகத் தலையணை உறையை உதறிக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சாவியா, ஜன்னலா

பத்து வருஷமாக எங்கள் வழி சுலபமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைப் பின்புறம் தூளைக் குவித்து ஒரு தீக்குச்சி. தூள் திகுதிகுவென்று எரிந்து முடிந்துவிடாது. உள்ளுக்குள்ளேயே கனன்று, மறுநாள் நாங்கள் பூசை பார்த்துவிட்டு வரும்போதும் புகைந்துகொண்டிருக்கும். பின்சுவரை ஒட்டிய வீட்டின் மாடியில் சரோஜம்மா இருக்கிறார். கன்னடக்காரர், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய சமையலறை ஜன்னல் எங்கள் பின்புறத்தைப் பார்த்தபடி இருக்கும். இரண்டு வருஷமாக அந்த ஜன்னல் மூடியே கிடந்தது. குளிருக்கு மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். பெங்களூரில் எந்தப் பழியையும் குளிர்மேல் போட்டுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது. சரோஜம்மாவுக்கு மூச்சு இழுப்பு. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். அந்த நாற்காலி நாங்கள் செய்து கொடுத்தது. என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. அப்போதும் பின்னால் எங்கள் தூள் புகைந்துகொண்டிருந்தது. பட்டறைக்குள் ஓடிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை.

நாலாம் நாள் அவர் நல்லபடியாகத் திரும்பினார். ஐந்தாம் நாள் நசீர் பாய் வந்தார். பட்டறை இடத்துக்குச் சொந்தக்காரர். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாடி ஜன்னலைக் கைகாட்டி அமைதியாகச் சொன்னார்: "பாரும்மா ஸ்டெல்லா, நான் ஜபர்தஸ்தி பண்ற ஆளு இல்ல. யுகாதி அன்னிக்கு வருவேன். உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன், ஆரோக்கியத்தையும் கேக்க மாட்டேன். அந்த ஜன்னல் தொறந்திருந்தா நீங்க இருங்க. மூடியிருந்தா சாவியக் குடுத்துடுங்க."

பசை வாசனை

யுகாதிக்கு மூன்று மாதம் இருந்தது. இனி எங்கள் பின்புறத்தில் நெருப்பே கிடையாது என்று முடிவு செய்தேன். சாக்கடையில் கொட்டுவதும் கிடையாது. குப்பை வண்டிக்காரரோ எங்கள் மூட்டையைத் தூரத்தில் பார்த்தாலே ஹாரன் அடித்துக்கொண்டு வேகமெடுப்பார். ஆக, தூள் யாருக்காவது உபயோகமாக வேண்டும். அடுத்த தெருவில் கன்னியம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறாள். கேஸ் கட்டுப்படியாகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பழைய பெயிண்ட் டின் ஒன்றில் தூள் அடுப்பு செய்து கொடுத்தேன். செய்முறை தெரியாதவர்களுக்காக: டின்னின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை, அதில் படுக்கையாக ஒரு குழாய், நடுவில் நிமிர்த்தி ஒரு பாட்டில், சுற்றிலும் தூளைப் போட்டு நன்றாக இடிக்க வேண்டும். பிறகு குழாயையும் பாட்டிலையும் உருவிவிட்டுக் கீழே தீ வைத்தால் அரை நாள் நின்று எரியும்.

என் பட்டறைப் பின்புறத்தில் இல்லையே, அவள் கடையில்தானே எரிகிறது என்று என் மூளை எனக்கே வக்கீலாக வேலை பார்த்தது. அந்த வக்கீல் இரண்டு நாள்தான் தாங்கினார். மூன்றாம் நாள் காலை கன்னியம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தாள். "அக்கா, இட்லி துன்ன வந்தவன் மூக்கப் பொத்திக்கினு, இன்னாம்மா இங்க கட்டில் செய்யறியான்னு கேக்கறான்."

எனக்கு எந்த டப்பா

தப்பு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் பட்டறையில் காலையில் தேக்கு அறுப்பார், பதினொரு மணிக்கு அதே மெஷினில் பிளைவுட் அறுப்பார், மத்தியானம் யாரோ கொண்டுவந்த பழைய பெயிண்ட் கதவை வெட்டுவார். எல்லாத் தூளும் ஒரே குவியலில் விழும். பிளைவுட்டில் பசை இருக்கிறது, கதவில் பெயிண்ட் இருக்கிறது. அதைத்தான் கன்னியம்மா அடுப்பில் போட்டிருந்தேன். பத்து வருஷம் அதையேதான் சரோஜம்மா ஜன்னலுக்குக் கீழே கொளுத்தியிருக்கிறோம். அன்றோடு நெருப்பு எங்கேயும் கிடையாது என்று சத்தியம் செய்தேன். அடுப்பிலும் கிடையாது.

இந்த ஊரில் காய்கறித் தோலை ஹசி கசா, ஈரக் குப்பை என்றும் பிளாஸ்டிக்கை ஒண கசா, உலர் குப்பை என்றும் தனித்தனி டப்பாவில் போடாவிட்டால் குப்பை எடுக்க மாட்டார்கள். அதையே பட்டறைக்கும் கொண்டுவந்தேன். வெள்ளைச் சாக்கில் சுத்தமான மரத்தின் தூள் மட்டும். நீலச் சாக்கில் பிளைவுட், பெயிண்ட், பாலிஷ் பட்டதெல்லாம். இழைப்பு மெஷினில் சுருள் சுருளாக வரும் சீவலுக்குத் தனியாக ஒரு கூடை. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மெஷினடியைப் பெருக்கிய பிறகுதான் ஸ்விட்ச். வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வேலை பாதியாகிவிடும் என்றார். முதல் வாரம் முழுக்க நான் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றேன். எட்டாம் நாள் அவரே பெருக்கிவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். "வீட்ல ஹசி கசா, ஒண கசான்னு ரெண்டு டப்பா வெச்ச. இப்ப என் மரத்துக்கும் வெச்சுட்ட. அடுத்தது என்னைப் போட எந்த டப்பா, அதயும் சொல்லிடு."

இருபத்திரண்டு தொட்டி

பிரேசர் டவுனில் ஃப்ளோரா டீச்சர் இருக்கிறார். அவருக்கு அலமாரி செய்து கொடுத்த பழக்கம். மொட்டைமாடியில் இருபத்திரண்டு தொட்டி ரோஜா. வெள்ளைச் சாக்கு இரண்டைக் கொண்டுபோய் இறக்கி, "மண்ணோட கலந்துடுங்க டீச்சர், மண்ணு பொலபொலன்னு ஆயிடும்" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை. மூட்டை போனால் போதும் என்கிற அவசரத்தில் சொன்னது. மூன்று வாரத்தில் போன் வந்தது. இலையெல்லாம் மஞ்சள்.

நர்சரிக்காரரிடம் போய் நின்றேன். புதுத் தூளை மண்ணில் கலந்தால் அது மக்குவதற்காக மண்ணில் இருக்கும் சத்தையெல்லாம் தானே இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும் என்றார். தூள் பெருக்குகிறவளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லைதான், ஆனால் கேட்டிருக்க நியாயம் உண்டு. இரண்டு சனிக்கிழமை டீச்சர் மாடியில் உட்கார்ந்து இருபத்திரண்டு தொட்டியிலும் மேல்மண்ணை வழித்து எடுத்து, புது மண் போட்டு, கடலைப் பிண்ணாக்கையும் சாணத்தையும் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு தூளை மண்ணின் மேலே மட்டும், ஒரு விரல் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பினேன். மார்ச் வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் கேட்ட செடிகள் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டன. டேங்கர் தண்ணீருக்குத் தெருவே காத்துக் கிடந்த நேரம் அது. புதுத் துளிர் வந்த அன்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் ஃபெயில் போட்டிருக்கேன் ஸ்டெல்லா, ஒரு பிள்ளையும் திரும்பி வந்து தப்பத் திருத்திக் குடுத்ததில்ல. உனக்கு ஜஸ்ட் பாஸ்."

தரைக்கு மஞ்சள்

ஜஸ்ட் பாஸ் வாங்கியவளுக்கு அடங்கி இருக்கத் தெரியாது. எங்கள் மாதா கோயில் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் அண்ணன், பெருக்கினால் தூசி எழும்பி நாற்காலி மேலேயே திரும்ப உட்காருகிறது என்று அலுத்துக்கொண்டார். தூளை லேசாக நனைத்துத் தரையில் தூவிப் பெருக்கினால் தூசி பறக்காமல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இது பட்டறையில் தினமும் செய்வது, நிச்சயமான வித்தை. அடுத்த நாள் ஹாலில் கல்யாணம். நானே வந்து செய்து காட்டுகிறேன் என்று ஒரு வெள்ளைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தச் சாக்கில் என்ன மரம் என்று பார்க்கவில்லை. இடித்த பங்களா ஒன்றின் வேங்கை உத்திரத்தை முந்தின நாள்தான் வீட்டுக்காரர் அறுத்திருந்தார். வேங்கையைத் தண்ணீரில் போட்டால் சாயம் இறங்கும் என்று தச்சன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாமா? தெரியும். நினைவுதான் வரவில்லை. தூளை நனைத்துத் தூவிவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பெருக்கினால் வெள்ளை மொசைக் தரையில் திட்டுத் திட்டாக மஞ்சளும் காவியும். சோப்புத்தூள் போட்டு நாலு தரம் முட்டி போட்டுத் தேய்த்தேன். முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தின் மேல் நாற்காலி வரிசையைப் போட்டோம். அதிலிருந்து, எந்தத் தூளை நனைப்பதானாலும் முதலில் ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள். சேவியர் அண்ணன் கோபப்படவில்லை, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நின்றார். "கல்யாணத்துக்கு மஞ்சள் பூசறது பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தாம்மா. தரைக்கு நாங்க பூசற வழக்கம் இல்ல."

தும்மிய கோழிகள்

ஆனேக்கல்லில் என் நாத்தனார் ஜெயராணி வீட்டுப் பின்னால் நாற்பது கோழி வளர்க்கிறாள். கூண்டுத் தரை ஈரமாகி நாறுகிறது என்றாள். அந்தப் பக்கம் போன சாமான் ஆட்டோவில் நாலு வெள்ளைச் சாக்கு ஏற்றி அனுப்பினேன். இந்தத் தடவை மரமும் பார்த்தேன், சாயமும் பார்த்தேன். மூன்றாம் நாள் போன் செய்தாள். "அண்ணி, நைசுத் தூளு, கோழிங்க கிளறக் கிளற எழும்புது. எல்லாம் தும்முது. உங்க மாடி வீட்டம்மாவுக்கு ஆனது இதுங்களுக்கும் ஆவணுமா?" எனக்குச் சுருக்கென்றது. யாரோ ஒருவருடைய மூச்சை நான் மறுபடியும் கெடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்.

மறுநாளே கிளம்பினேன். கோழிக்குத் தூள் ஆகாது, இழைப்பு மெஷினில் வரும் சீவல்தான் சரி. நாலு விரல் கனத்துக்குப் போட்டு வாரம் ஒரு தரம் கிளறிவிட்டால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், தூசி எழும்பாது. அந்த வாரம் விழுந்த சீவல் முழுவதையும் இரண்டு மூட்டையாகக் கட்டி ஆனேக்கல் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு மூட்டையும் என்னைவிடப் பெரியது. பஸ்ஸில் பாதிப் பேர் முறைத்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவதற்காக மூட்டையைத் தூக்கிப் பார்க்க முழுப் பலத்தையும் கொடுத்தார். மூட்டையில் கனமே இல்லாததால் பின்னால் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனம்மா இது, பாக்க ரெண்டு ஆளு சைஸ், தூக்குனா ஒண்ணுமே இல்ல. நான் டிக்கெட்ட மூட்டைக்குக் குடுக்கணுமா, உள்ள இருக்கற காத்துக்குக் குடுக்கணுமா?"

பாஷாவின் இடுப்பு

இத்தனையும் வெள்ளைச் சாக்கின் கதை. நீலச் சாக்கு மட்டும் மூலையில் ஏறிக்கொண்டே போயிற்று. பசைத் தூளைச் செடிக்குப் போடக்கூடாது, கோழிக்குப் போடக்கூடாது, எரிக்கவே கூடாது. மெயின் ரோட்டில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாஷாவின் தரை எப்போதும் ஆயில் வழிந்து பளபளக்கும். ஒரு நாள் அங்கே நானே வழுக்கினேன். விழவில்லை, ஆனால் வழி கிடைத்துவிட்டது. நீலச் சாக்கைக் கொண்டுபோய் ஆயில் மேல் கொட்டி, கால்மணி நேரம் விட்டுப் பெருக்கிக் காட்டினேன். தரை உலர்ந்து கிடந்தது. ஆயில் குடித்த தூளை மூடி போட்ட டின்னில் தனியாக வைக்கச் சொன்னேன். பழைய ஆயில் எடுக்க வருகிறவர் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பெட்ரோல் சிந்திய இடத்தில் மட்டும் இது வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன், மூன்றாம் தரம் எழுதி ஒட்டினேன். வாரம் மூன்று சாக்கு அவனுக்கும், அவன் சொல்லி இன்னும் இரண்டு கடைக்கும் போக ஆரம்பித்தது. மூலை காலியானதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டால், பாஷா ஒரு மாதிரி வருத்தமாக இடுப்பைத் தடவிக்கொண்டான். "இந்தக் கடையில வழுக்கி விழுந்தது ஒரு கஸ்டமர்கூட இல்லக்கா, நான்தான், நாலு வாட்டி. இதப் போன வருஷமே கொண்டாந்திருக்கக் கூடாதா?"

லிஃப்ட்டில் பேசுகிறார்கள்

பெரிய அபார்ட்மென்ட் ஒன்றில் வாட்ரோப் வேலை வந்தது. அந்த வீட்டு ரம்யா ஐ.டி. வேலைக்காரப் பெண், சமையல் குப்பையைப் பால்கனியில் உரமாக்குகிறாள். உரமானதைவிட நாறியதுதான் அதிகம். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றும் புகார். அளவெடுக்கும் டேப்பை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு நான் தொட்டியைத் திறந்தேன். ஒரே சொதசொதப்பு. தோலும் தழையும் ஒரு கை போட்டால் மேலே தூளும் காய்ந்த இலையும் கலந்து ஒரு கை போட வேண்டும். தூள் மட்டும் போட்டால் இறுகிப் போகும், அதனால்தான் இலை. வாரம் ஒரு தரம் கிளற வேண்டும். இரண்டு வாரத்தில் அந்த அபார்ட்மென்டில் ஒன்பது வீடு வெள்ளைச் சாக்கு கேட்டது. வாசலில் என்னை நிறுத்தி நோட்டில் கையெழுத்து வாங்கும் செக்யூரிட்டி, சாக்கைப் பார்த்தாலே கேட்டைத் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ரம்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்மெல் சுத்தமா போயிடுச்சு ஆன்ட்டி. இப்பல்லாம் லிஃப்ட்ல எல்லாரும் என்கூட நின்னு பேசறாங்க."

நான் உட்கார்ந்த மூட்டை

யுகாதிக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத கோடை மழை. கூரை ஓட்டு இடுக்கில் ஒழுகி, அனுப்பக் கட்டிவைத்த இருபது வெள்ளைச் சாக்கும் நனைந்து பாறையாகிவிட்டன. நனைந்த தூளை ரம்யா அபார்ட்மென்டில் வாங்க மாட்டார்கள். ரோஜாவுக்கு அவ்வளவு தேவையில்லை. பட்டறையில் நடக்க இடம் இல்லை, கல்யாணக் கட்டில் ஒன்று பாதியில் நின்றது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போயிருந்தார். மழை விட்ட சாயங்காலம் நாலு மூட்டையைப் பின்புறம் இழுத்து, காய்ந்த மிச்சக் கட்டைகள்மேல் போட்டுவிட்டு, சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடினார். "ஒரே ஒரு தரம், ஸ்டெல்லா. காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்றார்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. போய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஈரம் புடவையில் ஏறியது. மாடியில் ஜன்னல் மூடியே இருந்தது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, ஆள் நிழல் தெரிந்தது. அந்த நாற்காலியில் அவர் இறங்கி வந்த நாளை நினைத்துக்கொண்டேன். பட்டறை போனாலும் போகட்டும், இது மட்டும் மறுபடி நடக்காது என்று எனக்குள் கெட்டிப்பட்டுவிட்டது. வீட்டுக்காரர் தீப்பெட்டியைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்துத் தங்கை ஜெயராணியிடம் பேசினார். அவள் வீட்டுப் பின்னால் குழி வெட்டி, இந்த நனைந்த தூளையும் சாணத்தையும் கோழிக்கூண்டுக் கழிவையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிட்டால் ஆறு மாதத்தில் எரு. நனைந்த தூள் மக்குவதற்கு இன்னும் நல்லதாம். அரைமணி நேரத்தில் அவர் திரும்ப வந்து என் எதிரில் நின்றார். "எந்திரி. ஆட்டோ வருது. மூட்டைமேல குந்திக்கினு இருந்தா உன்னயும் சேத்து ஆனேக்கல்லுக்கு ஏத்திடுவான்."

யுகாதி

யுகாதி காலை தெரு முழுக்க மாவிலைத் தோரணம். பட்டறையில் ஒரு சாக்கு இல்லை, பின்புறம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று மாதமாக ஒரு பொறி எழவில்லை. ஆனால் ஜன்னல் மூடியிருந்தது. இடையில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போயிருந்தேன். இரண்டு தடவையும் சரோஜம்மா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "ஆயித்து, ஆயித்து, பரவாயில்ல" என்று அனுப்பிவிட்டார். போய் ஜன்னலைத் திறங்கள் என்று கேட்கலாம்தான். கேட்டு வாங்கித் திறக்கிற ஜன்னல் எனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்கு நசீர் பாய் வந்தார். பின்புறம் போனார், தரையைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். நான் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மாடியில் தடதடவென்று சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. யாரோ உள்ளேயிருந்து குத்துகிறார்கள், மறுபடி குத்துகிறார்கள். வீட்டுக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. "ஐயோ, தொறக்கத்தான் பாக்கறாங்க. மழையில சட்டம் உப்பி, கதவு இறுகிப் போச்சு" என்று, ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைக்காமலே இழைப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். நானும் நசீர் பாயும் கீழே அண்ணாந்து நின்றோம். உள்ளேயிருந்து ஒரு தட்டு, ஒரு நெம்பு, பிறகு இழைப்புளி ஓடும் சத்தம். இரண்டு வருஷம் மூடியிருந்த ஜன்னல் விரியத் திறந்தது. ஓரத்தை இழைத்த சீவல் சுருள் சுருளாக எங்கள் தலைமேல் விழுந்தது. நசீர் பாய் தோளிலிருந்து ஒரு சுருளைத் தட்டிவிட்டு, என் கையில் இருந்த சாவியை என் பக்கமாகவே தள்ளினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. சரோஜம்மா ஜன்னலில் வந்து நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்துவிட்டார். கையில் வேப்பம்பூவும் வெல்லமும் வைத்த கிண்ணம். அதே நேரம் பட்டறைக்குள் யாரும் அணைக்காமல் விட்டிருந்த மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சரோஜம்மா கீழே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டெல்லா, கிடக்கி தொறந்தாச்சு, காத்து சென்னாகி, நல்லாவே வருது. ஆனா உங்க மெஷின் சத்தம் இப்ப நேரா என் கிச்சனுக்குள்ள வருதே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

தூளுக்கு ஊரெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன். இனி இந்தச் சத்தத்தை எந்தச் சாக்கில் கட்டி யார் வீட்டில் இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.